வினையூக்கி: ஒரு சொல்லும் ஏழு ஓட்டைகளும்

திருப்பூரில் என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு சின்ன பிளீச்சிங் பட்டறை வைத்திருந்தார். ரெண்டு விஞ்ச், விறகில் ஓடும் ஒரு பாய்லர், ஏழெட்டு ஆட்கள். பனியன் துணியை வெளுத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். 1998-ல், நான் பி.இ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு சம்பவம் நடந்தது. வெளுத்து, காயவைத்து, கட்டிங்குக்குப் போன ஒரு லாட் துணியில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். ஒரு மீட்டரில் ஒன்று, இன்னொரு மீட்டரில் மூன்று, அடுத்த ரெண்டு மீட்டரில் ஒன்றுமே இல்லை. இப்படிச் சிதறிக் கிடந்தன. துணி கொடுத்தவர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். நூல் விலை, நிட்டிங் கூலி எல்லாம் மாமா தலையில் விழுந்தது.

பழி விஞ்சில் நின்ற ஆள்மேல் போனது. "பெராக்சைடை அளக்காமக் கொட்டிட்டான்" என்பது மாமாவின் தீர்ப்பு. "அளந்துதானுங்க ஊத்துனேன்" என்று அந்த அண்ணன் மூன்று முறை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் போடும்போது கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் தெற்கே ஏதோ ஊர். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். முந்தின வருஷம் ப்ளஸ் டூ பரீட்சையில் "வினைவேக மாற்றி என்றால் என்ன?" என்ற கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. அந்தச் சொல்லுக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஓட்டைக்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்.

ஒரு வேதிவினையை வேகமாக்கி, கடைசியில் தான் செலவாகாமல் மிஞ்சி நிற்கும் பொருளுக்குத் தமிழில் குறைந்தது நாலு பெயர் இருக்கிறது. எங்கள் வேதியியல் வாத்தியார் வாயில் வந்தது "கிரியா ஊக்கி". புத்தகத்தில் இருந்தது "வினைவேக மாற்றி". இன்றைக்குப் பத்திரிகைகளிலும் பொது எழுத்திலும் பரவலாக இருப்பது "வினையூக்கி". இலங்கையில் தமிழ்வழியில் படித்தவர்களைக் கேட்டால் சுருக்கமாக "ஊக்கி" என்பார்கள். அவர்களுக்கு வேதிவினையே "தாக்கம்"தான். நாம் நொதி என்பதை அவர்கள் நொதியம் என்பார்கள், நாம் ஆக்சிஜன் என்பதை ஒட்சிசன் என்பார்கள். ஒரே பொருள், ஒரே மொழி, நாலு பெயர். ஒவ்வொரு பெயரும் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஒவ்வொரு விதமான கருத்து வைத்திருக்கிறது. அதுதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் கதை சுலபம், ஏனென்றால் அதைச் செய்தவர் யார், எப்போது என்பது பதிவாகியிருக்கிறது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ், 1835-ல். இவர் புதிதாகச் சோதனை எதையும் செய்து இந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கவில்லை. வருஷா வருஷம் உலகத்தில் நடந்த வேதியியல் ஆராய்ச்சிகளையெல்லாம் படித்துத் தொகுத்து அறிக்கை எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. அப்படி எழுதும்போது, வேறு வேறு ஊரில் வேறு வேறு ஆட்கள் செய்த சில விநோதமான சோதனைகளுக்குள் ஒரே விஷயம் ஒளிந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. லாக் ஃபைலை உட்கார்ந்து படிக்கிறவனுக்குத்தான் பக் கிடைக்கும் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். அந்த மாதிரி.

அவர் கோத்த சோதனைகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது. 1811 வாக்கில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்க்ஹாஃப் என்பவர் மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்தார். மாவு சர்க்கரையானது. அமிலமோ போட்ட அளவு அப்படியே மிச்சம். சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கிறார்களே, அதே ஸ்டார்ச் வகையறாதான். அதிலிருந்து குளுக்கோஸ் பாகு செய்கிற தொழில் முழுவதும் கிர்க்ஹாஃப் பானையிலிருந்து கிளம்பியது. பிறகு 1818-ல் பாரிஸில் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடித்தார். சில உலோகப் பொடிகளைத் தொட்ட மாத்திரத்தில் அது பொங்கி, தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்தது. உலோகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 1823-ல் டோபரைனர் பிளாட்டினப் பஞ்சின்மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்ச, நெருப்புக்குச்சி இல்லாமலே தீப்பிடித்தது. 1833-ல் பாயனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அமிலம், உலோகம், முளைத்த தானியம். மூன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன: பக்கத்தில் இருப்பதன் மூலமே ஒன்றை மாற்றிவிட்டு, தான் மாறாமல் நிற்கின்றன.

நியாயமாகப் பார்த்தால் இந்த வரிசையில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. 1794-லேயே எலிசபெத் ஃபுல்ஹேம் எரிதலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பல வினைகள் நடக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் கடைசியில் திரும்பக் கிடைத்துவிடும் என்று அதில் எழுதினார். கருத்து இருந்தது, அதற்குப் பெயர் இல்லை. பெயர் வைத்தவருக்குத்தான் புகழ்.

பெர்சீலியஸ் வைத்த பெயர் "கேட்டலிசிஸ்". கிரேக்கத்தில் கட்டா என்றால் கீழே, லியோ என்றால் அவிழ்ப்பது, தளர்த்துவது. "அனாலிசிஸ்" என்ற சொல்லின் ஜாடையிலேயே செய்தார். ஆக மூலச்சொல்லின் நேர்ப்பொருள் அவிழ்த்துவிடுதல், கலைத்தல். வேகம் என்ற கருத்தே அதில் கிடையாது. ஊக்கம் என்ற கருத்தும் கிடையாது. கட்டியிருக்கும் முடிச்சைத் தளர்த்திவிடுகிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான். வேகம் பின்னால் வந்து சேர்ந்தது. 1890களில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட்தான், வினையின் முடிவுப் பொருளில் சேராமல் அதன் வேகத்தை மட்டும் மாற்றுவது என்று இதற்கு வரையறை கொடுத்தார். இந்த வேலைக்காக 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் புத்தகத்தின் "வினைவேக மாற்றி", ஆஸ்ட்வால்டின் வரையறையை ஒரு சொல்லாக மடித்துவைத்ததுதான். சரியான சொல். ஆனால் யார் வாயிலும் ஒட்டாத சொல். மின்மாற்றி மாதிரி ஏதோ மெஷின் பெயர் போல இருக்கிறது.

தமிழ்ப் பக்கம் வருவோம். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று முதலில் இறங்கிப் பார்த்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அவர் முயற்சியில் 1875-ல் வந்த வேதியியல் நூலுக்குப் பெயர் "கெமிஸ்தம்". கெமிஸ்ட்ரியைத் தமிழ் உச்சரிப்பில் போட்டு ஒரு "அம்" சேர்த்துவிட்டார்! எனக்கு இந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும். அதன் பிறகு கதை நம் ஊர்ப் பக்கம் வருகிறது. 1916-ல் சேலத்தில், அங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி முன்னின்று, தமிழில் அறிவியல் சொற்கள் செய்வதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, பத்திரிகையும் நடத்தினார்கள். பிற்பாடு அவர் "திண்ணை ரசாயனம்" என்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்கப்புறம் திருப்பூர்க்காரரான தி.சு. அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்க, ஈரோட்டுப் பக்கத்து ஊர்க்காரரான பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வந்தது. கோவையில் ஜி.ஆர். தாமோதரன் தொடங்கிய "கலைக்கதிர்" மாதாமாதம் அறிவியலைத் தமிழில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1960-ல் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பைச் சோதனையாக ஆரம்பித்ததும் கோவை அரசு கலைக்கல்லூரியில்தான். அப்போது கல்வி அமைச்சர் பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியம். கொங்குக்காரன் வியாபாரத்தைத் தவிர வேறெதிலும் தலையிட மாட்டான் என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

இந்தக் காலம் முழுக்க ஒரு இழுபறி நடந்துகொண்டே இருந்தது. கலைச்சொல் வடமொழியிலா, தனித்தமிழிலா, ஆங்கிலத்தை அப்படியே எடுப்பதா? ரசாயனம் வேதியியலானது, பிராணவாயு உயிர்வாயு ஆகி, அப்புறம் ஆக்சிஜனிலேயே வந்து நின்றது. அந்த இழுபறியின் தழும்பு "கிரியா ஊக்கி" என்ற சொல்லில் அப்படியே தெரிகிறது. முன்பாதி வடமொழி, பின்பாதி தமிழ். கிரியா போய் வினை வந்தது. ஊக்கி மட்டும் நகரவே இல்லை. யாருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. ஏன்?

ஊக்கு என்ற வினைச்சொல் பழசு. ஊக்கம் என்றால் மனம் தளராமை. திருக்குறளின் 60-ஆவது அதிகாரமே ஊக்கமுடைமை. ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இன்னொரு இடம். கலித்தொகையில் 37-ஆவது பாட்டு, குறிஞ்சிக்கலி. தினைப்புனம் காக்கும் பெண் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். தன்னைச் சுற்றிச் சுற்றி வந்தும் வாய் திறக்காமல் போகும் ஒருவனிடம், கொஞ்சம் என்னை ஆட்டிவிடு என்கிறாள். அங்கே "ஆட்டிவிடு" என்பதற்கு வரும் சொல் ஊக்கு. அவனும் ஊக்குகிறான். அதற்கப்புறம் அவள் கை நழுவியது போல அவன்மேல் விழுவதெல்லாம் தனிக் கதை. நமக்கு வேண்டியது இதுதான்: ஊக்குதல் என்றால் ஊஞ்சலைத் தள்ளிவிடுதல். அசைவில்லாமல் இருப்பதை அசையவைக்கும் ஒரு கை. ஊக்கத்தொகை, ஊக்கமருந்து, வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொல்லும் வளர்ச்சி ஊக்கி எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் கை இருக்கிறது. (சேலையில் குத்தும் ஊக்கு வேறு. அது ஆங்கில ஹூக் வேஷம் மாற்றி வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.)

வினை என்பதும் லேசுப்பட்ட சொல் இல்லை. செயல், தொழில், இலக்கணத்தில் வினைச்சொல், முன்பிறவிக் கணக்கு என்று எல்லாம் அதில் அடக்கம். எங்கள் அப்பத்தாவிடம் "வினையூக்கி" என்று சொல்லியிருந்தால், "செஞ்ச வினை பத்தாதுன்னு அதை வேற தூண்டி உடறதா?" என்று கேட்டிருக்கும்.

சொல் அழகுதான். ஆனால் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. ஊஞ்சலைத் தள்ளுகிற கை, ஊஞ்சலுக்குச் சக்தி கொடுக்கிறது. வினையூக்கி ஒரு துளி சக்தியும் கொடுப்பதில்லை. தள்ளுவதில்லை, தூண்டுவதில்லை, உற்சாகப்படுத்துவதில்லை. அது செய்வது வேறு வேலை. அதைப் புரிந்துகொள்ள நான் கோயம்புத்தூர் மேப்பைத்தான் பார்ப்பேன்.

கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. ரெண்டுக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. வடக்கே நீலகிரி, தொட்டபெட்டா 2637 மீட்டர். தெற்கே ஆனைமலை, ஆனைமுடி 2695 மீட்டர். பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒன்று இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு போக மேட்டுப்பாளையம் போய், ஊட்டி ஏறி, கூடலூர் இறங்கி, நிலம்பூர் வழியாகச் சுற்ற வேண்டும். கடைசியில் சேரும் இடம் பள்ளம்தான், கிளம்பிய இடத்தைவிட 300 மீட்டர் கீழே. இருந்தும் முதலில் 2000 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். அந்த ஏற்றத்துக்குத்தான் வேதியியலில் கிளர்வு ஆற்றல் என்று பெயர். பெரும்பாலான வண்டிகள் அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே நின்றுவிடும். கீழே போவதற்கு ஆசை இருந்தும் போகாத வினைகள் இப்படி நிற்பவைதான்.

இப்போது கணவாயைத் திறந்துவிடுங்கள். வாளையார் வழியாக ஏற்றமே இல்லாமல் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். கணவாய் உங்கள் வண்டிக்கு டீசல் போடவில்லை, பின்னாலிருந்து தள்ளவும் இல்லை. வேறு ஒரு வழி காட்டியது, அவ்வளவுதான். கோவையின் உயரமும் மாறவில்லை, பாலக்காட்டின் உயரமும் மாறவில்லை. இன்னொன்று, கணவாய் போகிறவனுக்கு மட்டும் திறந்திருப்பதில்லை, வருகிறவனுக்கும் அதே வழிதான். வினையூக்கியும் அப்படி. முன்னோக்கிய வினை எவ்வளவு வேகமாகிறதோ, பின்னோக்கிய வினையும் அதே விகிதத்தில் வேகமாகும். அதனால் கடைசியில் எது எவ்வளவு மிஞ்சும் என்ற சமநிலைக் கணக்கை அது தொடுவதில்லை. எங்கள் துறை ஆட்களுக்கு ஒரே வரியில் சொன்னால், அது டேபிளில் போட்ட இண்டெக்ஸ். ரிசல்ட் மாறாது, வேகம் மாறும்.

அதேபோலப் புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்த "வினையில் ஈடுபடாமல்" என்பதும் தப்பு. கணவாய் வழியாகப் போகிறவன் கணவாய்க்குள் நுழையாமல் போக முடியாது. வினையூக்கி நன்றாகவே ஈடுபடுகிறது. வினைபடு பொருளோடு கை கோத்து, இடையில் ஒரு தற்காலிகப் பொருளாகி, வேலை முடிந்ததும் கையை விடுவித்துக்கொண்டு பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. செலவாவதில்லை என்பதும் ஈடுபடுவதில்லை என்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு வரியைச் சரியாகப் படித்திருந்தால் எனக்கு 1998-ல் ஏதாவது உறைத்திருக்கலாம்.

இந்த விஷயத்தில் ஜப்பானியர்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் சொல் "ஷொக்குபாய்". முதல் எழுத்துக்குத் தொடுதல் என்று பொருள், இரண்டாவது எழுத்துக்கு இடையில் நிற்பவர், அதாவது கல்யாணத் தரகர். தொட்டு இணைக்கும் தரகர்! நம் ஊர்த் தரகரை நினைத்துப் பாருங்கள். கையில் பத்து ஜாதகம், காலையில் காங்கேயம், மத்தியானம் தாராபுரம். தானாகச் சந்தித்துக்கொள்ளப் பத்து வருஷம் ஆகியிருக்கக்கூடிய ரெண்டு குடும்பத்தைப் பத்து நாளில் ஒரே திண்ணையில் உட்காரவைத்துவிடுவார். கல்யாணத்தில் அவர் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. பந்தி முடிந்ததும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒத்தே வராத ரெண்டு பேரை அவரால் சேர்த்துவைக்க முடியாது. நடக்கவே வாய்ப்பில்லாத வினையை எந்த வினையூக்கியாலும் நடத்த முடியாது என்பது இதுதான். ஒரே வித்தியாசம், தரகர் கமிஷன் வாங்குவார்.

பலரும் வினையூக்கிக்குச் சொல்லும் வீட்டு உதாரணம் பாலில் ஊற்றும் உறைமோர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உறைமோரில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. அது பாலில் பெருகுகிறது. ராத்திரி ஒரு கரண்டி ஊற்றினால் காலையில் ஒரு சட்டி உறைமோர் இருக்கும். அதை விதை என்று சொல்லலாம். அந்த பாக்டீரியாவுக்குள் வேலை செய்யும் நொதிகள்தான் உண்மையான ஊக்கிகள். இங்கே தமிழ்ச் சொல் அருமையாக அமைந்துவிட்டது. 1870களில் ஜெர்மானியர் கூனே "என்சைம்" என்று பெயர் வைத்தபோது, ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்ற பொருளில்தான் வைத்தார். நொதி என்பதும் நொதித்தல், அதாவது புளித்துப் பொங்குதல் என்பதிலிருந்தே வந்தது. இட்லி மாவுப் பானையை எட்டிப் பார்த்த எவருக்கும் அகராதி தேவையில்லை.

வீட்டு உதாரணம்தான் வேண்டுமென்றால் வெல்லத்தைச் சொல்வேன். கவுந்தப்பாடி பக்கம் கரும்பாலையில் நின்று பார்த்திருப்பீர்கள், கொப்பரையில் சாறு கொதிக்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பு விடுவார்கள். அழுக்கு திரண்டு மேலே வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வெட்டி ரொம்ப நேரம் கிடந்த கரும்பின் சாறு புளித்திருக்கும். அந்த அமிலம் ஒரு வினையூக்கி. கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸை குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைத்துக்கொண்டே இருக்கும். உடைந்தால் வெல்லம் இறுகாது, கையில் ஒட்டும், நாலு நாளில் கசியும். சுண்ணாம்பு அந்த அமிலத்தை அடக்கிவிடுகிறது. சூட்சுமம் தெரியாமலே சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, வேதிவினையின் வேகத்தை முதன்முதலில் கணக்காக எழுதியதே இந்தச் சர்க்கரை உடைவதை வைத்துத்தான். 1850-ல் வில்ஹெல்மி என்பவர், அமிலம் கலந்த சர்க்கரைக் கரைசலின் வழியே ஒளியைச் செலுத்தி, உடைவதை நிமிஷக் கணக்கில் அளந்தார். கிளர்வு ஆற்றல் என்று நான் மேலே சொன்ன ஏற்றத்துக்கு அடித்தளம் போட்ட அர்ரீனியஸின் 1889-ஆம் வருஷக் கட்டுரையும், அமிலத்தில் கரும்புச் சர்க்கரை உடையும் வேகத்தைப் பற்றியதுதான்.

இனி ஓட்டைக்கு வரலாம்.

சில வருஷங்களுக்கு முன்னால், சரவணம்பட்டியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் அண்ணன், சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது "பின் ஹோல்" என்றார். என் காது நிமிர்ந்தது. அவர் சொன்னதையும் அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பனியன் துணியை வெளுப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, அதே தெனார் கண்டுபிடித்த சரக்கு. காஸ்டிக் போட்ட தண்ணீரில் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஓட்டுவார்கள். அது நிதானமாகச் சிதைந்து, பஞ்சின் பழுப்பு நிறத்தை எடுக்கும். நிதானம் முக்கியம். அதற்காகவே ஸ்டெபிலைசர் சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீருக்குள் ஒரு துருத் துணுக்கு விழுந்து துணியில் ஒட்டிக்கொண்டால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் நிதானம் போய்விடும். இரும்பு பெராக்சைடை உடைக்கும்போது, மிகவும் மூர்க்கமான ஹைட்ராக்சில் உறுப்புகள் உண்டாகின்றன. ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் 1894-ல் இரும்பையும் பெராக்சைடையும் சேர்த்துப் பார்த்து எழுதிய வினையின் குடும்பம்தான் இது. அவை நிறத்தோடு நிற்காமல் பஞ்சு இழையையே அரித்துவிடும். துருத் துணுக்கு செலவாவதில்லை. அதனால் களைப்பும் இல்லை. பெராக்சைடு இருக்கும்வரை அதே புள்ளியில் நின்று அரித்துக்கொண்டே இருக்கும். துணியை அலசும்போதோ தைக்கும்போதோ அந்தப் புள்ளி உதிர்ந்துவிடும். மிஞ்சுவது ஓட்டை.

இதைக் கேட்டதும் எனக்கு வேறொன்று உறைத்தது. பெராக்சைடை அதிகமாகக் கொட்டியிருந்தால் மொத்தத் துணியும் நைந்திருக்க வேண்டும். மருந்து தண்ணீர் முழுக்கக் கலந்துதானே இருக்கிறது? அங்கங்கே புள்ளி புள்ளியாக ஓட்டை விழுந்தால், காரணமும் புள்ளி புள்ளியாகத்தான் இருந்திருக்கும். இதற்கு வேதியியல்கூட வேண்டாம், கொஞ்சம் நிதானம் போதும்.

இரும்பின் மேல் கோபித்துக்கொள்ளவும் முடியாது. வெளுப்பு முடிந்ததும் துணியில் தங்கும் பெராக்சைடைப் போக்காமல் சாயம் போட்டால் சாயம் பிடிக்காது. அதற்கு இன்று திருப்பூரில் எல்லோரும் ஊற்றும் "பெராக்சைடு கில்லர்" பெரும்பாலும் கேட்டலேஸ் என்ற நொதிதான். நம் ரத்தத்திலும் ஈரலிலும் இருக்கும் அதே நொதி. ஒரு மூலக்கூறு ஒரே நொடியில் லட்சக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளைத் துணிக்கு வலிக்காமல் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரித்துவிடும். அந்த நொதியின் நடுவில் வேலை செய்வது எது என்றால், இரும்பு. புரதம் சுற்றிலும் நின்று பிடித்துவைத்திருக்கும் ஓர் இரும்பு அணு. வயலுக்குப் போடும் யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். காற்றிலிருந்து அந்த அம்மோனியாவைச் செய்ய, ஜெர்மனியில் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்துக் கடைசியில் வந்து நின்றதும் இரும்பில்தான், ஸ்வீடனிலிருந்து வந்த மாக்னடைட் தாதுவில். நம் சேலம் கஞ்சமலையில் கிடப்பதும் மாக்னடைட்தான். ஒரே இரும்பு, கட்டுப்பட்டு நின்றால் சோறு போடுகிறது, உதிர்ந்து விழுந்தால் துணியைத் தின்கிறது.

மாமா பட்டறையை எப்போதோ விற்றுவிட்டார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டபோது அவர் அதில் இல்லை. ஆனால் அந்த லாட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டுத் துணியைப் பழைய ரசீதுகளோடு பெட்டியில் வைத்திருந்தார். பஞ்சாயத்து வந்தால் காட்டுவதற்காக எடுத்துவைத்தது. கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். துணிப் பரிசோதனை லேபில் வேலை செய்யும் ஒரு நண்பர், துணுக்கின்மேல் கொஞ்சம் அமிலம் தொட்டு, பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசலைச் சொட்டவிட்டார். இரும்பு இருந்தால் நீலம் வரும். அந்தத் துண்டில் ஏழு ஓட்டைகள். மூன்றைச் சுற்றி நீல வளையம் வந்தது. மற்ற நாலில் ஒன்றும் இல்லை, துரு உதிர்ந்து போயிருக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் எங்கே சொட்டினாலும் வெறும் துணிதான்.

போன பொங்கலுக்கு மாமா வீட்டில் இதைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "ஏங்கண்ணு, கண்ணுக்குத் தெரியாத துரு, அதுவும் கரையாம இருக்கறது, எப்படித் துணியத் திங்கும்?" என்றார். பாலக்காட்டுக் கணவாய், கல்யாணத் தரகர் எல்லாவற்றையும் சொன்னேன். தரகர் எடுபட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாய்லரிலிருந்து விஞ்சுக்கு வந்த தண்ணீர் பைப் துருப்பிடித்துக் கிடந்ததாகவும், அந்தச் சம்பவம் நடந்து ஒரு மாதத்தில் அது ஒழுக ஆரம்பித்ததால் புதிதாக மாற்றியதாகவும் சொன்னார். அப்புறம் ஓட்டை விழுந்ததா என்று கேட்டேன்.

"இல்லியே" என்றார். "அதுக்கப்புறம் விழவே இல்ல. புதுசா வந்த பையன் சூதானமானவன்னு நெனச்சு, தீபாவளிக்கு அவனுக்கு ஐநூறு ரூவா சேத்துப் போனஸ் குடுத்தேன்."

அத்தை உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். மாமா எழுந்திருக்கவில்லை. போன அந்த ஆளுக்கு எந்த ஊர் என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பழைய சம்பள நோட்டு பரணில்தான் இருக்கும், அதில் எழுதியிருக்கும், ஞாயித்துக்கிழமை வந்தால் ரெண்டு பேருமாக இறக்கிப் பார்க்கலாம் என்றார்.